ரிஸ்க்-ஃபைவில் லினக்ஸ் 2018-லேயே ஓடியது. டெபியன் வர 2025 ஆனது ஏன்?

2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 4.15, ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களுக்கான ஆதரவோடு வந்தது. கெர்னலோடு ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்து முழு இயங்குதளமாகத் தரும் டிஸ்ட்ரோக்களில் ஒன்றான டெபியன், தன் நிலையான வெளியீட்டில் அந்த ப்ராசஸர் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டது 2025 ஆகஸ்டில், டெபியன் 13 ‘ட்ரிக்ஸி’ வந்தபோதுதான். நடுவே ஏழரை ஆண்டுகள். அப்புறம் இரண்டே மாதத்தில் இன்னொரு செய்தி: மற்றொரு டிஸ்ட்ரோவான உபுண்டுவின் 25.10 பதிப்பு, ஆர்விஏ23 என்ற புதிய தரத்தை எட்டாத ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் (ஒரே பலகையில் அமைந்த சிறு கணினிகளில்) ஓடாது. அதுவரை மக்கள் வாங்கிவைத்திருந்த போர்டுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தத் தரத்துக்குக் கீழே.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. புது ப்ராசஸருக்கு ஒரு கம்பைலர் (மூலநிரலை ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் நிரல்) கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒருமுறை கம்பைல் செய்து எடுத்துவிடலாமே, இதற்கு ஏன் இத்தனை ஆண்டு? உண்மையில் கம்பைலர் ஓடும் நேரம் இந்த வேலையில் சின்னப் பங்குதான். எதை எதற்கு முன்னால் உருவாக்குவது என்ற வரிசைச் சிக்கலும், ஆரம்பத்திலேயே எடுத்தாக வேண்டிய, பிறகு மாற்றிக்கொள்ள முடியாத சில முடிவுகளும்தான் ஆண்டுகளை விழுங்குகின்றன. அடியிலிருந்து பார்ப்போம்.

## கெர்னல் வேறு, டிஸ்ட்ரோ வேறு

ஒரு ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளின் முழுப் பட்டியலைக் கட்டளைத் தொகுப்பு என்கிறோம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் இருப்பது எக்ஸ்86-64. கைப்பேசிகளில் இருப்பது ஆர்ம்64. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கியது ரிஸ்க்-ஃபைவ். சீனாவின் லூங்சன் நிறுவனத்துடையது லூங்ஆர்க். ஒன்றுக்காகக் கம்பைல் செய்த நிரல் இன்னொன்றில் ஓடாது. லினக்ஸில் ஓடக்கூடிய ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் அது எந்த ப்ராசஸருக்கானது என்று ஓர் எண் பதிந்திருக்கும்: எக்ஸ்86-64-க்கு 62, ஆர்ம்64-க்கு 183, ரிஸ்க்-ஃபைவுக்கு 243. எண் பொருந்தவில்லை என்றால் கெர்னல் அந்தக் கோப்பைத் தொடவே தொடாது.

டிஸ்ட்ரோவில் ஒவ்வொரு மென்பொருளும் பேக்கேஜ் என்ற பொட்டலமாக வரும்; கெர்னல் அதில் ஒரு பேக்கேஜ், அவ்வளவுதான். டெபியனில் 30,000-க்கும் மேற்பட்ட மூல பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும், தன்னைக் கம்பைல் செய்ய வேறு எந்தெந்தப் பேக்கேஜ்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதுதான் பில்ட் சார்பு. ‘கெர்னல் ஆதரவு வந்துவிட்டது’ என்று செய்தி வந்தால், அந்த ப்ராசஸரில் கெர்னல் பூட் ஆகும் என்று மட்டும் அர்த்தம். பூட் ஆன பிறகு ஓட்டுவதற்கு ஒரு ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஏற்று நிரல்களை ஓட்டும் நிரல்) வேண்டும்; அதை வேறு யாராவது கட்டித் தந்திருக்க வேண்டும்.

## முதல் கம்பைலர் எங்கிருந்து வரும்?

டெபியன் தன் பேக்கேஜ்களை நேட்டிவ் முறையில் கட்டுகிறது. அதாவது ரிஸ்க்-ஃபைவுக்கான பேக்கேஜை ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்திலேயே, அங்கே ஏற்கெனவே நிறுவியிருக்கும் கம்பைலரைக் கொண்டு கட்டுவது. புதிய ப்ராசஸரில் இதைத் தொடங்கவே வழியில்லை. ஜிசிசி கம்பைலரைக் கம்பைல் செய்யவே ஒரு கம்பைலர் தேவை. டெபியனின் பேக்கேஜ் கட்டும் கருவிகள் பெரும்பாலும் பெர்ல் மொழியில் எழுதப்பட்டவை. பெர்ல் இல்லாமல் எந்தப் பேக்கேஜையும் கட்ட முடியாது, பெர்லையும் ஒரு பேக்கேஜாகத்தான் கட்டியாக வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா என்ற நிலைமை.

இதிலிருந்து வெளியே வரும் வழிக்குக் கிராஸ் கம்பைல் என்று பெயர். வழக்கமான எக்ஸ்86 கணினியில் உட்கார்ந்துகொண்டு, வேறொரு ப்ராசஸருக்கான நிரலை உருவாக்குவது. அதற்கான கருவிகள் இந்த வரிசையில்தான் எழும்பும்:

1. கெர்னல் ஹெடர்கள். கெர்னலிடம் எந்த வேலையை எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்ற விவரங்கள் இவற்றில் இருக்கும். இவற்றைக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை, எடுத்துவைத்தால் போதும்.
2. பின்யூட்டில்ஸ். கம்பைலர் தருவதை இயந்திரக் கட்டளைகளாக்கும் அசெம்பிளரும், துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரும் இதில் அடக்கம்.
3. ஜிசிசி, முதல் சுற்று. சி மொழி மட்டும் தெரிந்த, லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) எதுவும் இல்லாத, குறைப்பிரசவக் கம்பைலர்.
4. ஜிலிப்சி. எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரி. மூன்றாவது படியில் கிடைத்த அரைகுறைக் கம்பைலரைக் கொண்டு இதைக் கட்ட வேண்டும்.
5. ஜிசிசி, இரண்டாம் சுற்று. இப்போது ஜிலிப்சி கையில் இருப்பதால் சி++ உட்பட முழுக் கம்பைலர் கிடைக்கும்.

ஜிசிசியை ஏன் இரண்டுமுறை கட்ட வேண்டும்? முழு ஜிசிசியோடு சேர்ந்து வரும் சி++ லைப்ரரிக்கு ஜிலிப்சி தேவை. ஜிலிப்சியைக் கட்ட ஒரு கம்பைலர் தேவை. கம்பைலரில் பாதியை முதலில் கட்டிக்கொண்டால்தான் அந்தச் சுற்று அறுபடும். மேலே போகப்போக இதே உத்தி திரும்பத் திரும்ப வரும்: குறையுள்ள ஒன்றை வேண்டுமென்றே கட்டி, அதைக்கொண்டு இன்னொன்றைக் கட்டி, பிறகு குறையுள்ளதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுமையானதைக் கட்டுவது.

ரிஸ்க்-ஃபைவுக்கு இந்த நான்கு திட்டங்களிலும் அதிகாரபூர்வ ஆதரவு வந்த தேதிகளைப் பாருங்கள். பின்யூட்டில்ஸ் 2.28 வந்தது 2017 மார்ச். ஜிசிசி 7.1 அதே ஆண்டு மே. கெர்னல் 4.15, 2018 ஜனவரி. ஜிலிப்சி 2.27, 2018 பிப்ரவரி. கடைசியாக வந்தது ஜிலிப்சி என்பதால் அது வரும்வரை உறுதியான அடித்தளம் என்று ஒன்று இல்லை. ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவின் குழுவினர் 2016-லேயே துணிந்து ரிஸ்க்-ஃபைவுக்கு ஒரு ஃபெடோராவைக் கட்டிப்பார்த்தார்கள். 2018-இல் ஜிலிப்சி 2.27 வந்ததும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடியிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. கட்டும்போதே அது நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கெங்கே இடிக்கிறது என்று முன்கூட்டியே கண்டறிந்து சொன்னது அந்த முதல் முயற்சிதான். வீணான வேலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## சார்புச் சுற்றுகளை அறுப்பது

கம்பைலர் தயார். இனி ஷெல், கோப்புக் கருவிகள், பெர்ல், பேக்கேஜ் மேலாளர் என்று ஒரு சிறு அடிப்படைக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் புது இயந்திரத்தில் ஏறி நின்றுவிட்டால் அதற்குப் பிறகு நேட்டிவ் முறைக்கு மாறிவிடலாம். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள்தான் முடிச்சுகள் அதிகம்.

ஒரு முடிச்சை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். யூட்டில்-லினக்ஸ் என்ற பேக்கேஜில்தான் டிஸ்க்கை மவுன்ட் செய்யும் கருவி இருக்கிறது. அதைக் கட்ட, கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியின் லைப்ரரிகள் தேவை. சிஸ்டம்டியைக் கட்ட லிப்மவுன்ட் என்ற லைப்ரரி தேவை. லிப்மவுன்ட் எங்கே இருக்கிறது? யூட்டில்-லினக்ஸில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எதையும் முதலில் கட்ட முடியாது. எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப், ஹார்ஃபஸ் இரண்டுக்கும் இடையிலும் இதே பழைய பிணக்கு உண்டு.

டெபியன் இதற்குக் கண்டுபிடித்த வழி பில்ட் ப்ரொஃபைல். பேக்கேஜின் பில்ட் சார்புப் பட்டியலிலேயே, ‘இந்தச் சார்பு முதல் கட்டத்தில் வேண்டாம்’ என்று குறித்துவைப்பது. யூட்டில்-லினக்ஸை ‘ஸ்டேஜ்1’ ப்ரொஃபைலில் கட்டினால் சிஸ்டம்டியைக் கேட்காது. அதைக்கொண்டு சிஸ்டம்டியைக் கட்டி, பிறகு யூட்டில்-லினக்ஸை முழுமையாகத் திரும்பக் கட்டலாம். இதேபோல ‘நோடாக்’ என்றால் ஆவணங்களை விட்டுவிடும், ‘நோசெக்’ என்றால் சோதனைகளை விட்டுவிடும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பெரிய சுற்றுகளில் பல, ஒரு நிரலின் கையேட்டை அழகாக அச்சிடும் கருவிக்காகவும், சோதனை ஓட்டும் கட்டமைப்புக்காகவும் உருவானவை. அந்த ஒரு கண்ணியை எடுத்தால் சங்கிலி கழன்றுவிடும்.

எந்தக் கண்ணியை எடுத்தால் குறைந்த சேதத்தில் அதிகம் கழலும் என்று கணக்கிட டெபியனில் பாட்ச் என்ற கருவி இருக்கிறது. ஒரு ப்ராசஸருக்கான அடிப்படைக் கூட்டத்தைச் சூன்யத்திலிருந்து கிராஸ் கம்பைல் செய்துபார்க்க ரீபூட்ஸ்ட்ராப் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதைத் தானியங்கி முறையில் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்தப் பேக்கேஜில் புதிதாக உடைகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். டெபியனில் மிகக் குறைவாகப் பேசப்படும், மிக அவசியமான வேலை இது என்று நினைக்கிறேன். ஒரு ப்ராசஸருக்காகப் பட்ட பாடு அடுத்த ப்ராசஸருக்கு அப்படியே கைகொடுக்கிறது.

கிராஸ் கம்பைலில் இன்னொரு இடறல், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். பல நிரல்கள் கம்பைல் ஆவதற்கு முன்னால், ஒரு சின்ன நிரலை உருவாக்கி அதை ஓட்டிப்பார்த்து இயந்திரத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளும். கிராஸ் கம்பைலில் அந்தச் சின்ன நிரல் வேறு ப்ராசஸருக்கானது. கட்டும் கணினியில் ஓடாது. பெர்ல் இதில் பேர்போனது. அது கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை, ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனியாக, முன்பே எழுதிவைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

## தன்னைத்தானே கட்டும் மொழிகள்

சி மொழிக்கு வழி கண்டாயிற்று. மற்ற மொழிகள் ஒவ்வொன்றும் தனிக் கதை. ரஸ்ட் கம்பைலர் ரஸ்டில் எழுதப்பட்டது. ஒரு பதிப்பைக் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். கோ மொழி 2015-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து கோவிலேயே எழுதப்படுகிறது. ஜாவாவின் ஓபன்ஜேடிகேவைக் கட்ட முந்தைய ஓபன்ஜேடிகே வேண்டும். இவற்றையும் ஒவ்வொன்றாகக் கிராஸ் கம்பைல் செய்து முதல் விதையை இறக்க வேண்டும். அதற்கு முன், அந்த மொழியின் கம்பைலருக்கே புதிய ப்ராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும். கோ 1.14-இல் ரிஸ்க்-ஃபைவ் சோதனை நிலையில் வந்தது 2020-இல். ஜாவாவுக்கான அதிகாரபூர்வ ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு ஜேடிகே 19-இல், 2022-இல் வந்தது. ஏழரை ஆண்டுக் கணக்கில் ஒரு பெரிய பங்கு இப்படிக் காத்திருந்ததில் போனது.

## எமுலேட்டரா, உண்மையான இயந்திரமா?

சில்லு கைக்கு வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்க, வேறொரு ப்ராசஸர்போல நடிக்கும் நிரலான கியூஎமு எமுலேட்டர் உதவுகிறது. கோப்பின் தலைப்பகுதியில் உள்ள அந்த 243-ஐப் பார்த்ததும், கியூஎமு வழியாக ஓட்டு என்று கெர்னலிடம் சொல்லிவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் வேகம் பலமடங்கு குறையும். பிரச்சினைகளை அது மறைத்துவிடுவதும் உண்டு: பல கோர்கள் ஒரே நினைவகத்தைத் தொடும் வரிசையில் எக்ஸ்86 கறாரானது, ரிஸ்க்-ஃபைவ் தளர்வானது. எக்ஸ்86 மேல் எமுலேட்டரில் ஒழுங்காக ஓடிய நிரல் உண்மையான சில்லில் எப்போதாவது ஒருமுறை மட்டும் தவறும். அதனால் டிஸ்ட்ரோக்கள் முடிந்தவரை சீக்கிரம் உண்மையான போர்டுகளுக்கு மாறிவிடப் பார்க்கின்றன.

## எக்ஸ்86-இல் தெரியாத பிழைகள்

முப்பதாயிரம் பேக்கேஜ்களைக் கட்டத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான இடங்களில் உடையும். உடைவதற்கான காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். மூன்றைச் சொல்கிறேன்.

1. பழைய கான்ஃபிக்-கெஸ் கோப்பு. இயந்திரத்தின் பெயரைக் கண்டறிய குனு திட்டம் தரும் ஸ்கிரிப்ட் இது. பல திட்டங்கள் இதன் நகலைத் தங்கள் மூலநிரலோடு வைத்துவிட்டு மறந்துவிடுகின்றன. 2009-இன் நகலுக்கு ரிஸ்க்-ஃபைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ‘இந்த இயந்திரத்தை அடையாளம் காண முடியவில்லை’ என்று நின்றுவிடும். டெபியனின் பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்பர் இப்போது இந்தக் கோப்பைத் தானாகவே புதுப்பித்துவிடுகிறது. ஆர்ம்64 காலத்தில் கையால் செய்த திருத்தங்கள் ரிஸ்க்-ஃபைவுக்குப் பெருமளவு தேவைப்படவில்லை.

2. சார் வகையின் குறி. சி மொழியில் ‘சார்’ என்ற வகை எதிர்ம எண்களை ஏற்குமா என்பதைத் தரநிலை முடிவு செய்வதில்லை. எக்ஸ்86 லினக்ஸில் ஏற்கும். ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் ஏற்காது. ஒரு கோப்பை எழுத்து எழுத்தாகப் படிக்கும் நிரலர், கெட்சார் என்ற ஃபங்ஷன் தரும் மதிப்பைச் சார் வகை மாறியில் வைத்து, அது -1 (கோப்பு முடிந்தது என்பதன் அடையாளம்) ஆகும்வரை சுற்றச் சொல்கிறார். எக்ஸ்86-இல் வேலை நடக்கும். ரிஸ்க்-ஃபைவில் -1 என்பது 255 ஆகப் பதிந்துவிடும். 255 ஒருநாளும் -1 ஆகாது. கோப்பு முடிந்த பிறகும் நிரல் முடிவில்லாமல் சுற்றும். பிழை எக்ஸ்86-இலும் இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

3. ஒரு பைட் அட்டாமிக். இடையில் வேறு கோர் குறுக்கிட முடியாதபடி நினைவகத்தை ஒரே வீச்சில் மாற்றுபவை அட்டாமிக் கட்டளைகள். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுப்பில் அவை 32, 64 பிட்டுகளுக்கு மட்டுமே. ஒரு பைட்டை அட்டாமிக்காக மாற்றும் நிரலுக்கு ஜிசிசி, லிப்அட்டாமிக் என்ற தனி லைப்ரரியின் உதவியைத் தேடும். எக்ஸ்86-இல் அது தேவைப்படாததால் யாரும் அதை லிங்க் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். பேக்கேஜ் பேக்கேஜாக அந்த ஒரு வரியைச் சேர்த்துத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் வந்த ஜிசிசி 14 இதைத் தானே சமாளிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

இப்படிப்பட்ட திருத்தங்களை டிஸ்ட்ரோவுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் திரும்ப ஒட்ட வேண்டும். மூலத் திட்டத்திலேயே சேர்ப்பிப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அங்கே பதில் வர மாதங்கள் ஆகலாம்.

## மாற்ற முடியாத முடிவுகள்

மேலே சொன்னதெல்லாம் உழைத்தால் தீரும். முடிவு தவறாகிப்போனால் உழைப்பு உதவாது.

ஏபிஐ என்பது கம்பைல் ஆன நிரல்கள் ஒன்றோடொன்றும் கெர்னலோடும் பேசிக்கொள்ளும் விதிமுறை: ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகள் எந்த ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) போகும், தசம எண்கள் எப்படிப் போகும், நிரலை அதற்கான லைப்ரரிகளோடு ஏற்றும் டைனமிக் லோடர் எந்தப் பாதையில் இருக்கும் என்பதெல்லாம் இதில் வரும். இது மாறினால், ஏற்கெனவே கட்டிய அத்தனையும் செல்லாது.

லூங்ஆர்க் இதற்கு வருத்தமான உதாரணம். மூலத் திட்டங்களில் ஆதரவு சேர்வதற்கு முன்பே, கெர்னல் 4.19-ஐ அடிப்படையாகக் கொண்ட வணிக டிஸ்ட்ரோக்கள் சந்தைக்கு வந்துவிட்டன. பிறகு கெர்னல் 5.19-உம் ஜிலிப்சி 2.36-உம் 2022-இல் அதிகாரபூர்வ ஆதரவோடு வந்தபோது, விவாதத்தில் பல விஷயங்கள் மாறியிருந்தன. லோடரின் பாதை வேறு, சிக்னல் எண்ணிக்கை வேறு, கெர்னலிடம் வேலை கேட்கும் சில சிஸ்டம் கால்கள் வேறு. ஒரே சில்லுக்கு ‘பழைய உலகம்’, ‘புதிய உலகம்’ என்று ஒத்துப்போகாத இரண்டு லினக்ஸ்கள் உருவாகிவிட்டன. மூலநிரல் தராத மென்பொருள்கள் பல பழைய உலகத்துக்காக வந்தவை. அவற்றைப் புதிய உலகத்தில் ஓட்ட, லிப்லால் என்ற இணக்க அடுக்கைத் தன்னார்வலர்கள் எழுத வேண்டியதாயிற்று.

அடுத்தது அடிப்படை வரம்பு: குறைந்தபட்சம் எந்தெந்தக் கட்டளைகள் உள்ள சில்லை எதிர்பார்க்கலாம் என்ற முடிவு. 2012-இல் முதல் ராஸ்பெர்ரி பை வந்தபோது அதன் சில்லு ஆர்ம்வி6. வன்பொருளிலேயே தசமக் கணக்கு செய்யும் வசதி அதில் உண்டு. டெபியன் 32-பிட் ஆர்முக்கு இரண்டு வடிவங்கள் தந்தது. ஆர்ம்எச்எஃப் கேட்டது ஆர்ம்வி7. அதற்குக் கீழே இருந்த ஆர்மெல், அந்தத் தசம வசதியைப் பயன்படுத்தாது. இடையில் மாட்டிக்கொண்ட இந்த ஒரு போர்டுக்காகவே டெபியனை முழுக்க மறுபடி கம்பைல் செய்து பிறந்தது ராஸ்பியன்.

உபுண்டு 25.10 செய்தி இதே கதையின் அடுத்த வடிவம். டெபியன் தேர்ந்த வரம்பு ஆர்வி64ஜிசி. இன்றுள்ள எல்லா லினக்ஸ் போர்டுகளிலும் ஓடும், ஆனால் வெக்டார் கட்டளைகள் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடுபவை) எல்லாச் சில்லிலும் இருக்கும் என்று நம்பிக் கம்பைல் செய்ய முடியாது. ஆர்விஏ23 தரம் 2024 அக்டோபரில் உறுதியானது. வெக்டார் அதில் கட்டாயம். வரம்பை உயர்த்தினால் வேகமும் புதிய சர்வர் சில்லுகளும் கிடைக்கும், பழைய போர்டுகள் போய்விடும். உபுண்டுவின் கணக்கு எனக்குப் புரிகிறது: பயனர்கள் குறைவாக இருக்கும்போதே உயர்த்துவதுதான் மலிவு, பழைய போர்டுகாரர்கள் 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே தொடரலாம். ஆனாலும், மெதுவாக ஓடிய அந்தப் பழைய போர்டுகளில் காத்திருந்து பிழை கண்டுபிடித்தவர்கள்தான் இந்த ப்ராசஸருக்கு லினக்ஸை நிற்க வைத்தவர்கள். முதலில் வெளியே நிற்பவர்களும் அவர்களே என்பது நியாயமாகப் படவில்லை.

## அதிகாரபூர்வம் ஆவது

டெபியனில் புதிய ப்ராசஸர் முதலில் டெபியன் போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியத்தில் வளரும். ரிஸ்க்-ஃபைவ் 2018-இல் அங்கே சேர்ந்தது. 2023 ஜூலையில் முதன்மைக் களஞ்சியத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்போது ஐந்தாண்டு சேர்த்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. ஏறக்குறைய காலியான களஞ்சியத்தில், தொடங்குவதற்குத் தேவையான சிறு கூட்டத்தை மட்டும் வைத்து, டெபியனின் நேரடி நிர்வாகத்தில் உள்ள இயந்திரங்களில் எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள். யாருடைய கணினியில் எப்போது கட்டியது என்று சொல்ல முடியாத பைனரி (கம்பைல் ஆன கோப்பு) நிலையான வெளியீட்டில் இருக்கக் கூடாது என்பதே காரணம்.

அதற்குப் பிறகுதான் தினசரிச் சுமை. டெபியனில் ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போக வேண்டுமானால், அது ஏற்கெனவே கிடைக்கும் அதிகாரபூர்வ ப்ராசஸர்கள் அனைத்திலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு ப்ராசஸர் பின்தங்கினால், எக்ஸ்86 பயனருக்கான புதுப்பிப்பும் அதற்காகக் காத்திருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் எல்லாவற்றுக்கும் கட்டப்பட வேண்டும். வேகமான இயந்திரங்கள் போதுமான அளவு இல்லாத ப்ராசஸரை உள்ளே எடுக்க டெபியன் தயங்குவதன் காரணம் இதுதான்.

உள்ளே வந்தவை வெளியே போவதும் உண்டு. மிப்ஸ் என்ற ப்ராசஸர் குடும்பத்தின் 32-பிட் வடிவம் டெபியன் 12-ஓடு நின்றுவிட்டது. அதில் ஒரு நிரலுக்கு 2 ஜிபிக்கு மேல் நினைவக முகவரி கிடையாது, பெரிய சி++ பேக்கேஜ்களை அந்த இயந்திரத்திலேயே லிங்க் செய்ய முடியாமல் போனது. ரிஸ்க்-ஃபைவ் நுழைந்த டெபியன் 13-தான் ஆர்மெல்லுக்குக் கடைசி வெளியீடு.